பெயர் அச்சடிக்காத காலண்டர்

கைபேசியில் ஒரு செயலியைத் தொட்டதும், அது முழுதாகத் திறப்பதற்கு முன் ஓரிரு வினாடி ஒரு திரை வந்து போகும். நடுவில் ஒரு சின்னம், சுற்றிலும் வெள்ளையோ நீலமோ ஏதோ ஒரு நிறம், அவ்வளவுதான். இதை 'ஸ்பிளாஷ் ஸ்கிரீன்' என்கிறார்கள். நான் வரவேற்புத் திரை என்று சொல்லிக்கொள்கிறேன்.

இரண்டு வினாடி வந்து போகும் படத்துக்கு ஒரு கட்டுரையா என்று கேட்பீர்கள். எழுத வேண்டிய காரணம் இருக்கிறது. இப்போது சங்கம், கோயில், பள்ளி, மருத்துவமனை, மளிகைக்கடை என்று ஆளுக்கொரு செயலி வைத்திருக்கிறார்கள். அதில் சிலவற்றைத் திறந்தால், செயலி யாருடையதோ அவர்களின் அடையாளம் வருவதில்லை. செயலியைக் கட்ட உதவிய கருவியின் அடையாளம் வருகிறது. அல்லது வெறும் வெள்ளைத் திரை வருகிறது. இது அழகு பற்றிய குறை என்று இளைஞர்கள் நினைக்கிறார்கள். நம்பிக்கை பற்றிய குறை என்பது என் கருத்து.

முதலில், இந்தத் திரை எதற்கு என்று பார்ப்போம்.

செயலி என்பது கைபேசியின் சேமிப்பில் தூங்கிக்கொண்டிருக்கும் ஒரு பொருள். நாம் தொட்டதும் அதை எடுத்து நினைவகத்தில் ஏற்றி, வேண்டிய படங்களையும் எழுத்துகளையும் தயார் செய்து, பிறகுதான் திரையில் காட்ட முடியும். புதிய கைபேசியில் இது கண் சிமிட்டும் நேரம். நம்மில் பலர் வைத்திருக்கும் ஐந்தாறு வருடப் பழைய கைபேசியில் மூன்று நான்கு வினாடிகூட ஆகும். அந்த இடைவெளியில் ஒன்றுமே தெரியாவிட்டால், தொட்டது சரியாகப் படவில்லை என்று நினைத்து நாம் மறுபடி மறுபடி தட்டுவோம். 'கேட்டது, வந்துகொண்டிருக்கிறேன்' என்று சொல்வதுதான் வரவேற்புத் திரையின் வேலை.

இது நமக்குப் புதிதும் அல்ல. கொட்டகையில் விளக்கணைந்ததும் குழல் ஊதும் இரட்டைக் குழந்தைகள் வந்தால் ஜெமினி படம் என்று தெரிந்துகொண்டோம். ஏ.வி.எம். என்ற மூன்றெழுத்தும் அதனோடு வரும் இசையும் இன்னும் காதில் இருக்கிறது. தூர்தர்ஷன் சின்னம் சுழன்று சுழன்று கண் வடிவாக உருவாகும்போது ஒலிக்கும் இசை கேட்டதும் தெருவில் விளையாடிய பிள்ளைகள் ஓடி வந்தார்கள். படம் தொடங்கவில்லை, செய்தி தொடங்கவில்லை. ஆனால் யார் வீட்டு வாசலில் நிற்கிறோம் என்பது தெரிந்துவிட்டது.

கணினியிலும் அப்படித்தான். 1984-ல் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட மெக்கின்டாஷ் கணினியைப் போட்டதும், சிரித்த முகத்தோடு ஒரு குட்டிக் கணினிப் படம் வரும். எல்லாம் சரியாக இருக்கிறது என்று பொருள். படங்களைத் திருத்த உதவும் ஃபோட்டோஷாப் மென்பொருளைத் திறந்தால், அது தயாராகும் வரை அதை உருவாக்கியவர்களின் பெயர்ப் பட்டியல் வரும். தாமஸ் நால் என்று தொடங்கும் அந்தப் பட்டியலில் சீதாராமன் நாராயணன் என்ற பெயரைப் பல ஆண்டுகளாக உலகம் முழுவதும் பார்த்திருக்கிறார்கள். பெயரைச் சத்தமாக உச்சரித்துப் பார்த்து, இவர் யார் என்று விசாரித்த வெளிநாட்டு ரசிகர்கள்கூட உண்டு. 'இதைச் செய்தவர்கள் நாங்கள்' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் இடமாக அந்தத் திரை இருந்தது.

இப்போது கைபேசிக்கு வருவோம். இன்று செயலி எழுதுகிறவர்கள் வெற்றுத் தாளிலிருந்து தொடங்குவதில்லை. தயார் நிலையில் ஒரு மாதிரி கிடைக்கிறது. அதற்கு டெம்ப்ளேட் என்று பெயர். ஒரே ஒரு கட்டளை கொடுத்தால், ஓடக்கூடிய ஒரு முழுச் செயலியின் எலும்புக்கூடு கைக்கு வந்துவிடும். அதில் ஒரு மாதிரிப் பெயர், ஒரு மாதிரிச் சின்னம், ஒரு மாதிரி வரவேற்புத் திரை எல்லாம் இருக்கும்.

சிவகாசிக் காலண்டரை நினைத்துக்கொண்டால் இது எளிதாகப் புரியும். ஆடிப்பெருக்கை ஒட்டி அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பத்தை அங்கே வெளியிடுவார்கள். முருகன், லட்சுமி, இயற்கைக் காட்சி, குழந்தைப் படம் என்று வரிசையாக இருக்கும். ஜவுளிக்கடைக்காரர் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, தன் கடைப் பெயரையும் முகவரியையும் எழுதிக் கொடுப்பார். அச்சகம் அந்த வெற்றிடத்தில் அவற்றை அச்சடித்துக் கொடுக்கும். படம் பொதுவானது, பெயர் அவருடையது. அதில் ஒரு தவறும் இல்லை. ஆனால் அந்த வெற்றிடத்தை அப்படியே விட்டு, அல்லது அச்சகத்தின் மாதிரி எண்ணோடு, ஒரு கடைக்காரர் தீபாவளிக்குக் காலண்டர் கொடுத்தால் நாம் என்ன நினைப்போம்? கட்டைப் பிரித்தே பார்க்கவில்லை என்றுதானே?

டெம்ப்ளேட்டில் அந்த வெற்றிடம் எப்படி இருக்கும் என்று சில உதாரணம் சொல்கிறேன். கூகுள் கொடுக்கும் ஃபிளட்டர் என்ற கருவியில் தொடங்கினால், மாற்றாத வரை வெறும் வெள்ளைத் திரை, அல்லது புதிய ஆண்ட்ராய்டு கைபேசியில் வெள்ளை நடுவே ஃபிளட்டரின் நீலச் சின்னம். ஃபேஸ்புக் 2015-ல் பொதுவில் வெளியிட்ட ரியாக்ட் நேட்டிவ் கருவியின் ஐபோன் டெம்ப்ளேட்டில், செயலியின் பெயருக்குக் கீழே, இது ரியாக்ட் நேட்டிவில் இயங்குகிறது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கும். கார்டோவா என்று இன்னொன்று உண்டு. அதன் அண்மைக்கால ஆண்ட்ராய்டு வடிவத்தில், படம் எதுவும் தனியாகக் கொடுக்காவிட்டால் கார்டோவாவின் சின்னமே வரவேற்கும்.

இந்தக் கருவிகளைச் செய்தவர்கள் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. மாற்றிக்கொள்ளுங்கள் என்றுதான் அவர்கள் வைத்திருக்கிறார்கள். ஃபிளட்டரில் அந்தப் படம் இருக்கும் அடைவிலேயே எப்படி மாற்றுவது என்ற குறிப்பும் இருக்கிறது. ஐபோனுக்காகச் செயலியைக் கட்டி முடிக்கும்போது, வரவேற்புப் படம் இன்னும் மாதிரிப் படமாகவே இருக்கிறது, மாற்றுங்கள் என்று அந்தக் கருவியே எச்சரிக்கிறது. இத்தனைக்கும் பிறகு அப்படியே வெளியே வருகிறது என்றால், யாரும் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம்.

எங்கள் பகுதியில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஓய்வூதியர்கள் சேர்ந்து நடத்தும் ஒரு சங்கத்துக்குச் செயலி செய்தார்கள். சுற்றறிக்கை, கூட்டத் தேதி, மருத்துவ முகாம் அறிவிப்பு எல்லாம் இனி இதில்தான் என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் தெருவில் குடும்ப ஓய்வூதியம் வாங்கும் ஓர் அம்மா இருக்கிறார். எழுபது வயதுக்கு மேல். பேரன் அவர் கைபேசியில் செயலியைப் போட்டுக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டான். வெளியே தெரியும் சின்னம் சங்கத்தினுடையது. தொட்டுத் திறந்தால் வேறு ஏதோ ஒரு நீலச் சின்னம், ஆங்கிலத்தில் ஒரு பெயர், சில வினாடி. டெம்ப்ளேட்டில் வந்த திரை அப்படியே இருந்திருக்கிறது.

அந்த அம்மா செயலியை நீக்கிவிட்டார். சங்கத்தில் ஒருவர் மறுபடி போட்டுக் கொடுத்தார். மறுபடி நீக்கிவிட்டார். நடுவில், காப்பீட்டு அட்டையில் பெயர்ப் பிழை திருத்தும் முகாம் ஒன்று நடந்து முடிந்தது. செயலியில் மட்டும்தான் அறிவிப்பு. அவருக்குத் தெரியவில்லை. பிறகு அந்தத் திருத்தத்துக்காக இரண்டு பஸ் மாறி இரண்டு தடவை அலுவலகத்துக்கு அலைந்தார்.

சங்கத்தில் இதைச் சொல்லிச் சிரித்தார்கள். "பாட்டிக்கு ஆப் எல்லாம் பயம்" என்றார் ஒரு தம்பி. அந்த அம்மா விடவில்லை. "சங்கத்து ஆப்னா சங்கத்து அடையாளம்ல வரணும்? இது வேற யாரோடதோ வருது. வேற ஆளு ஆப்பத் தொறக்காதீங்கன்னு பேங்க்ல மாசாமாசம் மெசேஜ் அனுப்புறாங்களே, அது எதுக்குத் தம்பி?" என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை.

அவர் செய்தது சரி என்பதுதான் என் முடிவு. திருமண அழைப்பிதழ் என்றும், வண்டிக்கு அபராதம் என்றும், வங்கிக் கணக்கு முடங்கப்போகிறது என்றும் வாட்ஸ்அப்பில் ஏபிகே கோப்பு அனுப்பி, அதைத் தொட்டவர்களின் கணக்கைச் சுரண்டுகிற காலம் இது. இதில் அதிகம் குறிவைக்கப்படுகிறவர்கள் நம் வயதுக்காரர்கள். சந்தேகப்படுங்கள், சந்தேகப்படுங்கள் என்று வங்கியும் காவல்துறையும் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. சந்தேகப்பட்டவரைப் பார்த்துச் சிரித்தால், அடுத்த தடவை அவர் சந்தேகப்பட மாட்டார். 'இப்படித்தான் ஏதாவது சம்பந்தமில்லாத படம் வரும், கண்டுகொள்ளக் கூடாது' என்று பழகிவிடுவார். மோசக்காரனுக்கு வேண்டியதும் அதுதானே. ஒழுங்கான செயலி ஒன்று அடையாளம் இல்லாமல் வந்தால், ஒழுங்கற்றதையும் நம்பிவிடும் பழக்கத்தை அது நமக்குக் கற்றுக் கொடுக்கிறது.

இதற்கு இளைஞர்கள் சொல்லும் பதில்கள் மூன்று. மூன்றிலும் கொஞ்சம் நியாயம் இருப்பதால் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதல் பதில்: சொந்தச் சின்னம் வந்தால் மட்டும் அசல் என்று ஆகிவிடுமா? மோசக்காரன் வங்கிச் சின்னத்தையே திருடி வைப்பானே? உண்மைதான். சின்னம் இருப்பது அசலுக்குச் சாட்சி ஆகாது. ஆனால் போலி ரூபாய் நோட்டு அச்சடிக்கிறார்கள் என்பதற்காக, அசல் நோட்டை எதுவும் அச்சடிக்காத வெள்ளைத் தாளாக விடுவது இல்லையே. அசலானவர் தன் முகத்தைக் காட்டுவது குறைந்தபட்சக் கடமை.

இரண்டாவது பதில்: நேரம் இல்லை, கொடுக்கிற கூலிக்கு இவ்வளவுதான். நம் சங்கங்கள் கொடுக்கிற தொகை சொற்பம் என்பது எனக்கும் தெரியும். ஆனால் இது நாள் கணக்கில் ஆகும் வேலை அல்ல. ஒரு படமும் ஒரு நிறமும் கொடுத்தால் எல்லா அளவுக் கைபேசிக்கும் ஏற்றபடி வரவேற்புத் திரையைத் தயாரித்துத் தரும் துணைக் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. எங்கள் சங்கத்துச் செயலியைச் செய்த பையனிடம் விஷயத்தைச் சொன்னதும், கோபித்துக்கொள்ளாமல் அன்று மாலைக்குள் சரிசெய்துவிட்டான். நல்ல பையன்தான். அவனிடம் அதுவரை யாரும் சொல்லவில்லை, அவ்வளவே.

மூன்றாவது பதில்: கடையிலேயே தடுக்கவில்லையே, பிறகென்ன? ப்ளே ஸ்டோரில் ஒரு செயலியை ஏற்றும்போது, டெம்ப்ளேட்டில் வருகிற 'காம் எக்ஸாம்பிள்' என்ற மாதிரி முகவரியோடு கொடுத்தால் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். மாற்றிக்கொண்டு வா என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால் அதை எல்லோரும் மாற்றிவிடுகிறார்கள். வரவேற்புத் திரைக்கு அப்படி ஒரு காவலாளி இல்லை. காவலாளி இருக்கும் இடத்தில் மட்டும் ஒழுங்காக இருப்பது ஒழுங்கு ஆகாது.

அஞ்சல் துறையில் நான் வேலை பார்த்த காலத்தில், காலையில் தேதி முத்திரையில் எண்களை மாற்றியதும் முதல் குத்து கடிதத்தில் விழாது. ஒரு தாளில் குத்தி, ஊர்ப் பெயரும் தேதியும் ஒழுங்காக விழுகிறதா என்று பார்த்த பிறகுதான் தபால் கட்டைத் தொடுவோம். முத்திரையைக் கையில் வைத்துப் பார்த்தால் எழுத்து தலைகீழாக இருக்கும், பிழை கண்ணில் படாது. வாங்குகிறவர் பார்க்கிறபடி தாளில் பார்த்தால்தான் படும். செயலிக்கும் இதே விதி பொருந்தும் என்று நினைக்கிறேன். எழுதுகிறவர் நாள் முழுவதும் தன் கணினியில் உள்ளே இருந்தே பார்க்கிறார். வாசல் வழியாக, ஒரு பழைய கைபேசியில், புதிதாக வருகிறவர் போல ஒரே ஒரு தடவை நுழைந்து பார்த்தால் டெம்ப்ளேட் திரை முதல் வினாடியிலேயே கண்ணில் குத்தும். அது மாறாமல் இருக்கிறது என்றால், அந்த ஒரு தடவை நடக்கவில்லை என்று பொருள். அதையே பார்க்காதவர், நம் ஆதார் எண்ணையும் வங்கிக் கணக்கு எண்ணையும் எப்படிப் பாதுகாக்கிறார் என்ற கவலை எனக்கு வருகிறது.

எதிர்ப்பக்கக் குறையையும் சொல்ல வேண்டும். மாற்று என்றால் சிலர் அளவுக்கு மீறி மாற்றிவிடுகிறார்கள். தலைவர் படம், செயலாளர் படம், புரவலர் படம், கீழே பொன்மொழி, பின்னால் மேளம். செயலி ஒரு வினாடியில் தயாராகிவிட்டாலும், எல்லோரும் படத்தைப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே மூன்று நான்கு வினாடி வேண்டுமென்றே நிறுத்தி வைக்கிறார்கள். ஆஸ்பத்திரி டோக்கன் போட அவசரமாகத் திறக்கிறவருக்கு அந்த மூன்று வினாடி எரிச்சல். பழைய கைபேசியில் செயலி திறக்கவே நேரம் ஆகும், அதற்கு மேல் இதுவும் என்றால் தாங்காது. நினைவகத்தில் இல்லாத நிலையிலிருந்து புதிதாகத் திறக்கும் செயலி 5 வினாடியோ அதற்கு மேலோ எடுத்துக்கொண்டால் அது மிக அதிகம் என்று கூகுளின் ஆண்ட்ராய்டு வழிகாட்டியே சொல்கிறது.

2021-ல் வந்த ஆண்ட்ராய்டு 12 முதல், எந்தச் செயலியைத் திறந்தாலும் கைபேசியே ஒரு வரவேற்புத் திரையைக் காட்டிவிடுகிறது. நிரலாளர் எதுவும் செய்யாவிட்டால் செயலியின் சின்னத்தை எடுத்து நடுவில் வைத்துக்கொள்ளும். இது நல்ல ஏற்பாடு. ஆனால் பழைய பாணியில் சொந்தத் திரையும் வைத்திருந்தவர்கள் அதை எடுக்காததால், ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு வரவேற்புத் திரை வருகிற செயலிகளும் உண்டு. வாசலுக்கு வாசல் நிறுத்தி வணக்கம் சொல்கிற வீடு போல.

ஆப்பிள் நிறுவனம் தன் வடிவமைப்பு வழிகாட்டியில் சொல்லும் யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. தொடக்கத் திரையை விளம்பரமாக்காதீர்கள், செயலியின் முதல் பக்கம் போலவே எளிமையாக வையுங்கள், சீக்கிரம் விலகுங்கள் என்பது அதன் சாரம். இன்னொன்றும் சொல்கிறார்கள். அதில் எழுத்து வேண்டாம், ஏனென்றால் அந்தத் திரையின் எழுத்து பயனரின் மொழிக்கு ஏற்ப மாறாது. நம் ஊருக்கு இது முக்கியம். தமிழ் மட்டும் படிக்கிற ஒருவர் திறக்கும் செயலியில், முதலில் வருவது புரியாத ஆங்கில வரி என்றால் அங்கேயே அவர் தயங்கி நின்றுவிடுவார். தெரிந்த சின்னம் ஒன்று போதும், எழுத்தே தேவையில்லை. சங்கத்து ரசீதிலும் பெயர்ப்பலகையிலும் இருக்கிற அதே சின்னம், அதே நிறம்.

ஆகவே சங்கம், கோயில், பள்ளி நிர்வாகத்தில் இருக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். செயலிக்குக் கடைசித் தவணைப் பணத்தைக் கொடுப்பதற்கு முன், உங்கள் உறுப்பினர்களிலேயே வயதில் மூத்த ஒருவரின் கைபேசியில் அதைப் போட்டுத் திறக்கச் சொல்லுங்கள். நீங்கள் பேசாமல் பக்கத்தில் உட்காருங்கள். முதலில் வருவது யாருடைய அடையாளம், எத்தனை வினாடி நிற்கிறது, அவர் முகம் எப்படி மாறுகிறது என்று மட்டும் பாருங்கள். வேறு சோதனை வேண்டாம்.

நம்மைப் போன்ற பயனர்களுக்கும் ஒரு வார்த்தை. திறந்ததும் சம்பந்தமில்லாத அடையாளம் வந்தால் கூச்சப்படாமல் நிறுத்துங்கள். ப்ளே ஸ்டோரில் அந்தச் செயலியின் பக்கத்துக்குப் போய், பெயருக்குக் கீழே யார் வெளியிட்டது என்று போட்டிருப்பதைப் படியுங்கள். சந்தேகம் தீராவிட்டால் சங்கத்துக்கோ வங்கிக்கோ ஏற்கெனவே உங்களிடம் இருக்கும் எண்ணில் பேசிக் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பை, அனுப்பியவர் சொந்தத் தம்பியாகவே இருந்தாலும், தொடாதீர்கள். அவர் கைபேசியே பறிபோய், அவர் பெயரில் வேறொருவன் அனுப்பியதாகவும் இருக்கலாம். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழைத்துப் புகார் சொல்லுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தை வழியிலேயே நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு.

எங்கள் தெரு அம்மாவின் கைபேசியில் இப்போது அந்தச் செயலி இருக்கிறது. திறந்தால் சங்கத்தின் சின்னம் வருகிறது. அடுத்த முகாம் தேதியை எனக்குச் சொன்னவரே அவர்தான்.